அடிபட்ட மூளையும் அடங்காத நரம்பணுக்களும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் மொழி. அந்தச் சிரசில் அடிபட்ட ஒருவர் மருத்துவமனையில் கிடந்து தேறி வீடு திரும்புகிறார். காயம் ஆறுகிறது, தழும்பின் மேல் மயிரும் முளைக்கிறது. உற்றார் உறவினர் கவலை நீங்குகின்றனர். ஆறு திங்களோ ஓராண்டோ கழிந்தபின், ஒருநாள் எவ்விதக் காரணமும் இன்றி அவருடைய கை வெட்டி வெட்டி இழுக்கிறது, நினைவிழந்து வீழ்கிறார். ஆறிப்போன காயம் இத்துணைக் காலம் கடந்து ஏன் இவ்வாறு பேசுகிறது? மண்டையோட்டின் உள்ளே இந்த இடைக்காலத்தில் நிகழ்ந்தது யாது? இவ்வினாக்களுக்கு அறிவியல் கண்டுள்ள விடைகளை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே நம் நோக்கம். நாம் மருத்துவர் அல்லோம். மொழிபெயர்ப்பே நம் தொழில். எனினும் மருத்துவர் தம் மொழியில் கூறுவதை மக்கள் மொழியில் கூறுவதும் ஒரு பணியே அன்றோ?

இதனை விளக்க ஓர் ஊரை மனத்தில் கொள்வோம். கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அணித்தே குன்னத்துகால் என்னும் சிற்றூர் உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே இப்பகுதியில் எல்லைக்கோடு ஒருபுறமும் உறவும் பேச்சும் இருபுறமுமாக வாழ்க்கை நடைபெறுகிறது. இங்குள்ள மக்கள் தென்னை ஏறுவர், ரப்பர் மரத்தில் பால் எடுப்பர், பாறை உடைப்பர், கொத்து வேலைக்குச் சாரம் ஏறுவர். மழை நாளில் வளைந்த சாலையில் இருசக்கர வண்டி ஓட்டுவர். தலையில் அடிபடுவதற்குரிய வாய்ப்புகள் இவை அனைத்திலும் உண்டு. மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ கட்டட வேலை செய்யும் தமிழருக்கும் இதே நிலைதான். எனவே குன்னத்துகாலில் ஒருவர்க்குப் பொருந்துவது எல்லார்க்கும் பொருந்தும்.

மூளையின் மேற்பரப்பை ஒரு போர்வை போல் மூடியிருக்கும் சாம்பல் நிறப் பகுதிக்கு மூளைப் புறணி என்று பெயர். அதன் தடிப்பு 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையே. ஆயினும் அதில் ஏறத்தாழ 1,600 கோடி நரம்பணுக்கள் அமைந்துள்ளன. நாம் காண்பதும், பேசுவதும், கையை அசைப்பதும், கணக்கிடுவதும் இவ்வணுக்கள் தம்முள் அனுப்பிக்கொள்ளும் மின் குறிப்புகளாலேயே நடைபெறுகின்றன. ஒரு நரம்பணு தூண்டுதலை ஏற்றுக் குறிப்பு விடுக்க எவ்வளவு எளிதில் இசைகிறது என்பதையே அதன் கிளர்வுத்திறன் என்கிறோம். 'கிளர்ச்சி' என்னும் பழகிய சொல்லை இங்கே இட்டால் கொடி பிடித்து ஊர்வலம் செல்வோர் நினைவுக்கு வருவர்; ஆதலின் 'கிளர்வு' என்றே கொண்டோம்.

ஏரிக்கரையையும் மதகையும் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். நரம்பணுவின் மெல்லிய உறையே கரை. சோடிய உப்பின் மின்துகள்கள் வெளியே மிகுந்தும், பொட்டாசிய மின்துகள்கள் உள்ளே மிகுந்தும் நிற்கின்றன. இவ்வேற்றுமையால் அணுவின் உட்புறம் வெளிப்புறத்தினும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது. கைவிளக்கில் இடும் மின்கலத்தின் ஆற்றலில் இஃது இருபதில் ஒரு பங்கே. தூண்டுதல் வரும்போது இவ்வேற்றுமை குறைகிறது, 55 மில்லிவோல்ட் என்னும் வாயிலை எட்டியதும் உறையிலுள்ள மதகுகள் படீரெனத் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, குறிப்பு ஓடுகிறது. பின்னர் மதகுகள் மூடிக்கொள்கின்றன. 1952-ஆம் ஆண்டில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு பிரித்தானிய அறிஞர்கள் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையைக் கொண்டு இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். 1963-இல் நோபெல் பரிசும் பெற்றனர்.

ஒரு நரம்பணுவைத் தூண்டும் அணுக்களும் உண்டு. அடக்கும் அணுக்களும் உண்டு. தூண்டுவோர் குளூட்டமேட் என்னும் பொருளைச் சுரக்கின்றனர். அடக்குவோர் காபா என்னும் பொருளைச் சுரக்கின்றனர். புறணியில் ஐந்தில் ஏறத்தாழ ஒரு பங்கே அடக்கும் அணுக்கள். மாட்டு வண்டியில் தார்க்குச்சியும் மூக்கணாங்கயிறும் எவ்வாறோ, மூளையில் இவையிரண்டும் அவ்வாறே. தார்க்குச்சி மட்டும் இருந்தால் வண்டி பள்ளத்தில் விழும். கயிறு மட்டும் இருந்தால் வண்டி நகராது. இரண்டும் தம்முள் அளவொத்து நிற்பதே மூளையின் நலம்.

இனி, தலையில் அடிபடும்போது நிகழ்வதைக் காண்போம். அதிர்ச்சியால் நரம்பணுக்களின் உறை இழுபட்டுக் கசிகிறது. உள்ளிருந்த பொட்டாசியம் வெளியேறுகிறது. குளூட்டமேட் வெள்ளமாய்ப் பெருகுகிறது. அதனால் அடுத்துள்ள அணுக்களும் ஒருசேரக் கிளர்ந்து, பின் சோர்ந்து ஓய்கின்றன. 1944-இல் பிரேசில் நாட்டு அறிஞர் லியாவோ, முயலின் புறணியில் இத்தகைய ஓய்வலை ஒன்று மெல்ல மெல்லப் பரவிச் செல்வதைக் கண்டு எழுதினார். பிற்காலத்தில் காயமுற்ற மனித மூளையிலும் அவ்வலை உண்டு என்பது உறுதியாயிற்று. ஆகவே முதல் சில நாட்களில் ஒருபுறம் மிகைக் கிளர்வும் மறுபுறம் ஆழ்ந்த மௌனமும் மாறிமாறித் தோன்றுகின்றன. அடிபட்ட ஏழு நாட்களுக்குள் வரும் வலிப்பை முன்வலிப்பு என்றும், அதன்பின் வருவதைப் பின்வலிப்பு என்றும் மருத்துவர் பிரித்து வைத்திருப்பது இதனாலேயே. முன்னது புதுக்காயத்தின் விளைவு. பின்னதன் காரணமோ வேறு.

அக்காரணம் ஒன்றன்று, பல. முதலாவது, கயிறு தளர்தல். அடக்கும் அணுக்களிற் சில காயத்தால் மடிகின்றன. எஞ்சியவையும் முன்போல் அடக்குவதில்லை. காபா தன் பணியைச் செய்யவேண்டுமாயின் குளோரைடு மின்துகள்கள் அணுவினுள் புகவேண்டும். அதற்கு அவை உள்ளே குறைந்திருத்தல் வேண்டும். காயமுற்ற அணு அவற்றை வெளியேற்றும் ஆற்றலை இழந்துவிடுவதால், அடக்க வந்த காபா அடக்காது நிற்கிறது. சிற்சில வேளைகளில் தூண்டவும் செய்கிறது.

இரண்டாவது, புதிய கிளைகள் தழைத்தல். தொடர்பு அறுந்த நரம்பிழைகள் வெட்டிய முருங்கை துளிர்ப்பது போல் மீண்டும் கிளைக்கின்றன. இது நன்மைக்கே எனினும், தூண்டும் அணு தூண்டும் அணுவோடு மட்டுமே இணைந்து வட்டமாகச் சுற்றிக்கொண்டால், ஒருவர் கூறியதை மற்றவர் திரும்பத் திரும்பக் கூறிப் பெரிதாக்கும் வதந்தி போன்று கிளர்வு பெருகுகிறது.

மூன்றாவது நேயர்களுக்கு நன்கு பழகியது. தொலைவிலுள்ள நிலையத்தின் ஒலி மெலிந்து கேட்கும்போது வானொலிப் பெட்டியின் திருகைத் திருகி ஒலியைக் கூட்டுகிறோம். அப்போது பேச்சோடு இரைச்சலும் கூடிவிடுகிறது. காயத்தால் தன்னிடம் வரும் குறிப்புகள் குறைந்துபோன நரம்பணுவும் இதையே செய்கிறது. தன் செவியைத் தானே கூர்மையாக்கிக்கொள்கிறது. இயல்பு நிலையைக் காத்துக்கொள்ள இயற்கை வகுத்த இவ்வழி, அளவு கடந்தால் வலிப்புக்கு வித்தாகிறது. புறணியின் ஒரு துண்டைக் கீழிருந்து அறுத்துப் பிற பகுதிகளினின்று பிரித்து வைத்துச் செய்த விலங்கு ஆய்வுகளில், அத்துண்டு சில வாரங்களில் மிகைக் கிளர்வு அடைந்தமை காணப்பட்டது.

நான்காவது, கசிந்த குருதி. குருதியில் இரும்பு உண்டு. சிதைந்த குருதியணுக்கள் விட்டுச்செல்லும் இரும்பு சுற்றியுள்ள திசுவைச் சிதைக்கிறது. எலிகளின் புறணியில் இரும்பு உப்பைச் செலுத்தியபோது வலிப்பு உண்டாயிற்று என ஆய்வாளர் கண்டுள்ளனர். மூளைக்குள் குருதி கசிந்தவர்க்கு வலிப்பு அச்சம் மிகுதி என்பதற்கு இஃது ஒரு காரணமாகலாம்.

ஐந்தாவது, துப்புரவுப் பணியாளர் கடமை தவறுதல். நரம்பணுக்களுக்கு இடையே விண்மீன் வடிவ அணுக்கள் பல உள. மிஞ்சிய பொட்டாசியத்தையும் குளூட்டமேட்டையும் துடைத்து எடுப்பது அவற்றின் வேலை. காயத்தில் குருதிக்குழாய்களின் காவல் உடைந்து, குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதம் மூளைத் திசுவில் நுழையும்போது, இவ்வணுக்கள் தம் இயல்பு மாறித் துடைக்கும் வேலையைக் கைவிடுகின்றன. தெருவில் குப்பை தேங்கினால் எலி பெருகுவது போல, பொட்டாசியம் தேங்கினால் கிளர்வு பெருகுகிறது.

இம்மாறுதல்கள் ஒரு நாளில் முடிவன அல்ல. வாரக்கணக்கில், திங்கட்கணக்கில் சிறுகச் சிறுக நிகழ்வன. ஆறிய தழும்புக்கும் முதல் வலிப்புக்கும் இடையே நீண்ட அமைதி இருப்பதன் மறைபொருள் இதுவே. 1848-இல் அமெரிக்காவில் இருப்புப்பாதை வேலையில் ஈடுபட்டிருந்த பினியஸ் கேஜ் என்பவரின் தலையில் இரும்புக் கம்பி ஒன்று ஊடுருவிச் சென்றது. அவர் பிழைத்து எழுந்து பல ஆண்டுகள் உழைத்தார். ஆனால் 1860-இல் வலிப்புகள் தொடர்ந்து வர, அவற்றால் மாண்டார்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். அடிபட்ட மூளை என்றால் எப்போதும் மிகையாகக் கிளர்வது என்று கொள்ளுதல் பிழை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பார்க்கர் என்பவரும் அவர்தம் துணைவரும், தலையின் மேல் காந்தச் சுருளை வைத்துப் புறணியை வலியின்றித் தூண்டும் முறையைக் கண்டனர். அதனைக் கொண்டு அளந்தபோது, தலை அதிர்ச்சியுற்றோர் பலரிடத்தில் கயிறு தளர்வதற்கு மாறாக இறுகியிருக்கவே காணப்பட்டது. தூண்டிய பின் புறணி அடங்கிக் கிடக்கும் நேரம் நீண்டிருந்தது. சிந்தனை மந்தம், களைப்பு, கவனக் குறைவு ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டா என ஆய்ந்து வருகின்றனர். ஒரே மூளையில் ஒரு மூலை ஊமையாகவும் மற்றொரு மூலை கூச்சலாகவும் இருத்தல் கூடும். ஆகவே அடிபட்ட ஒருவர் முன்போல் சுறுசுறுப்பாக இல்லையெனில், சோம்பேறி என்று இகழ்தல் நன்றன்று.

வலிப்பு என்பது புறணியின் மிகைக் கிளர்வு என்னும் உண்மை எவ்வாறு தெரிந்தது? நம் நாட்டார் இந்நோயை நெடுங்காலமாகவே அறிவர். தமிழில் காக்கை வலிப்பு என்றும் முயலகன் நோய் என்றும் வழங்கினர். வடமொழியாளரும் மலையாளத்தாரும் அபஸ்மாரம் என்றனர். ஆடவல்லான் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளனுக்கும் இவ்விரு பெயர்களே. திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள திருவாசியில் கொல்லிமழவன் மகளைப் பற்றிய முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் தீர்த்தருளினார் எனச் சைவ வரலாறு கூறும். நோயின் இருப்பிடம் புறணியே என்பதை மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டே தெளிவாக்கியது. 1870-இல் ஜெர்மானியர் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயின் புறணியில் மின்சாரம் செலுத்திக் காலை அசைத்துக் காட்டினர். அதே காலத்தில் இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், வலிப்பு கட்டைவிரலில் தொடங்கிக் கையேறி முகத்துக்குப் பரவும் முறையை நுணுகி நோக்கி, சாம்பல் நிறத் திசுவின் ஒரு மூலையில் உண்டாகும் மிகைப் பாய்ச்சலே வலிப்பு என்று முடிவு கட்டினார். 1924-இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்தே பதிவுசெய்து, 1929-இல் வெளியிட்டார்.

முதல் உலகப் போரில் தலைக் காயமுற்ற வீரர்களுள் பலருக்குப் பிற்காலத்தில் வலிப்பு வந்தது. பிரெஸ்லா நகரில் ஃபோர்ஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், நோயாளி விழித்திருக்கும்போதே புறணியைத் தூண்டி, வலிப்பெழும் தழும்பைக் கண்டு அகற்றினார். அவரிடம் 1928-இல் பயின்ற வைல்டர் பென்ஃபீல்டு, 1934-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நரம்பியல் நிலையம் ஒன்றை நிறுவினார். பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர் கோட்டயத்துக்காரரான டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவர் 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். 1952-இல் வலிப்புக்கான அறுவையையும் இந்நாட்டில் முதன்முதலாகச் செய்தார். சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-இல் சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. இராமமூர்த்தி இத்துறையை நிறுவினார்.

குன்னத்துகால் பகுதிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. எவரெஸ்ட் சிகரத்தில் 1922-லும் 1924-லும் ஏறச் சென்ற குழுவினருள் ஒருவரும், முதல் உலகப் போரில் காயமுற்றோர்க்கு அறுவை செய்தவருமான டாக்டர் சாமர்வெல், குமரி மாவட்டத்து நெய்யூரில் பல்லாண்டுகள் மக்களுக்கு மருத்துவம் செய்தார். பின்னர் வேலூரிலும் பணிபுரிந்தார். குன்னத்துகாலை அடுத்த காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. திருவனந்தபுரத்தில் 1976-இல் மருத்துவப் பணி தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முதன்மை பெற்றது. 1990-களில் வலிப்புக்கெனத் தனி மையமும் அங்கு ஏற்பட்டது. மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அறுவை செய்து கொள்ளப் பிற மாநிலத்தாரும் அங்கே வருகின்றனர்.

தலையில் அடிபட்டோர் அனைவரும் வலிப்புக்கு அஞ்ச வேண்டுமா? வேண்டா. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 4,541 பேரைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் கணக்கிட்டுக் காட்டியது. ஐந்து ஆண்டுகளுக்குள் வலிப்பு கண்டவர், இலேசான காயத்தில் ஆயிரத்துக்கு 7 பேர். நடுத்தரக் காயத்தில் 12 பேர். கடுங்காயத்தில் 100 பேர். கடுங்காயம் என்பது ஒருநாளுக்கு மேல் நினைவிழத்தல், மூளைத் திசு கன்றிப்போதல், மூளையின் மேல் குருதி கட்டுதல் முதலியன. ஆகவே இலேசாக அடிபட்டவர் வாழ்நாள் முழுதும் அஞ்சி நடுங்குதல் வீண். கடுங்காயமுற்றவர் ஏமாந்திருத்தலும் தகாது.

முன்கூட்டியே மாத்திரை உண்டு இதனைத் தடுக்கலாகாதா? 1990-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. கடுங்காயமுற்றோர்க்கு ஃபெனிட்டாயின் கொடுத்ததில், முதல் வாரத்து வலிப்பு நூற்றுக்கு 14 என்பதிலிருந்து 4-க்கும் கீழே குறைந்தது, பின்வலிப்போ குறையவில்லை. அம்மருந்து சோடிய மதகுகளை அடக்குமே அன்றி, உள்ளே கிளைக்கும் புதிய இணைப்புகளைத் தடுப்பதில்லை. எனவே முதல் வாரத்துக்குப் பின் மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அது புறக்கணிப்பன்று. ஆனால் பின்வலிப்பு ஒருமுறை வந்துவிட்டால் மறுமுறை வரும் வாய்ப்பு மிகுதி. அப்போது மருத்துவர் கூறும் மாத்திரையை நாள் தவறாது உண்ணல் வேண்டும். இரண்டு திங்கள் வலிப்பு இல்லையென்று தாமே நிறுத்திவிடுவோர், இறுகப் பிடித்த கயிற்றை ஒரே நொடியில் விடுபவர் ஆவர். அதனால் கடும் வலிப்பு தோன்றி உயிருக்கே தீங்கு நேரலாம்.

வலிப்பு கண்டவரைச் சுற்றி நிற்போர் செய்யத்தக்கவை சிலவே. அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். கழுத்திலுள்ள ஆடையைத் தளர்த்தவும். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டா. வாயில் கரண்டியோ நீரோ இட வேண்டா. கடிகாரத்தைப் பார்க்கவும், ஐந்து நிமிடம் கடந்தும் நில்லாவிடில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். இரும்புச் சாவியைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம்புவோர் எல்லைக்கு இருபுறத்தும் உளர். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே நின்றுவிடுவன. சாவி வந்து சேரும் நேரமும் அதுவே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

வெளிமாநிலத் தமிழர்க்கு இன்னும் ஒன்று கூறவேண்டும். வலிப்பு வரும்போது மருத்துவர் அருகில் இருப்பதில்லை. கண்டவர் கூறும் சான்றே அவருக்கு விளக்கு. எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எப்பக்கம் திரும்பியது, பேச்சு எப்போது நின்றது என்னும் மூன்றும் ஜாக்சன் காலந்தொட்டு இன்றுவரை புறணியின் எம்மூலை கிளர்ந்தது என்பதைச் சுட்டிக்காட்டுவன. இதனை அறைகுறையான அயல்மொழியில் கூறித் தடுமாறுவதினும், தமிழில் தெளிவாக எழுதி, மொழி அறிந்தவர் ஒருவரைக் கொண்டு படித்துக்காட்டுதல் நன்று. கைபேசியில் படம் பிடித்துக் காட்டுதலும் பயன்தரும். அடிபட்டபோது மருத்துவமனை தந்த குறிப்பையும் தலைப் படங்களையும் ஊர் மாறும்போது உடன் கொண்டு செல்லுங்கள். மாத்திரையின் வணிகப் பெயர் ஊருக்கு ஊர் வேறுபடும். அட்டையில் அச்சிட்டுள்ள மருந்துப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு பித்துமன்று, பேயுமன்று, குலத்தின் பழியுமன்று. திருமணச் சட்டங்களில் வலிப்பைத் தடையாகக் கூறியிருந்த பகுதி 1999-இல் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது. சட்டம் விட்டுவிட்டதை உறவினர் பிடித்துக்கொண்டு, மணப்பேச்சின்போது நோயை மறைப்பதும், அவ்வாறு மறைப்பதற்காக மாத்திரையை நிறுத்துவதும் இன்றும் நிகழ்கின்றன. மறைப்பினால் நோய் வளரும். மருந்தினால் பெரும்பாலோர்க்கு அது அடங்கும்.

வருமுன் காப்பது யாவற்றினும் மேல். வண்டியில் அமர்வோர் தலைக்கவசத்தின் பட்டையை மோவாயின் கீழ் மாட்டிக்கொள்வதும், மரமோ சாரமோ ஏறுவோர் இடைக்கயிறு கட்டிக்கொள்வதும் சிறு செயல்களே. 1,600 கோடி அணுக்கள் தம்முள் காத்துவரும் அந்த நுண்ணிய சமநிலை ஒருமுறை குலைந்தால், முழுவதும் சீர்செய்யத்தக்க கை இன்னும் உலகில் இல்லை. குலையாமல் காப்பதும், குலைந்தவரை இகழாமல் தாங்குவதும் நம்மால் ஆகும்.